ஒரு டிஸ்க் போன பிறகு



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. ஒரு சர்வரில் எட்டு ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது. நடு ராத்திரியில் அதில் ஒன்று போய்விடுகிறது. அந்த நொடியிலிருந்து இன்னொரு டிஸ்க் அதன் இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும் வரை அந்த டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் என்னென்ன செய்கிறது? அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஸ்பேர் டிஸ்க் எப்படி வேலைக்கு வருகிறது? இவ்வளவுதான் இன்றைய பேச்சு. சில மணி நேரத்துச் சமாசாரம். ஆனால் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடோ, ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்கோ, ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலோ பிழைக்குமா என்பது அந்தச் சில மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

“ஸ்பேர் போட்டிருக்கோம் சார், பயமில்லை” என்று சொல்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஸ்பேர் டிஸ்க்குக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: ஆபத்தான நேரத்தைக் குறைப்பது. அது எவ்வளவு குறைக்கும், எந்த இடத்தில் அதன் கை எட்டாது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1988-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். ரெய்டு என்ற பெயரே அதில்தான் பிறந்தது. அன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் ஐபிஎம் 3380 போன்ற, ஓர் அலமாரியளவு இடம் பிடிக்கும், விலை கூடிய டிஸ்க்குகளை வைத்திருந்தன. அதற்குப் பதிலாக பெர்சனல் கம்ப்யூட்டருக்கென்று செய்யப்பட்ட, 100 மெகாபைட் கொள்ளளவுள்ள மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் என்ன என்று இவர்கள் கேட்டார்கள். வேகம் கிடைக்கும், செலவும் குறையும். ஒரு தடைதான் இருந்தது. ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம், அதாவது மூன்றேகால் ஆண்டுக்கு மேல் உழைக்கும். நூறு டிஸ்க்கைச் சேர்த்து வைத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று போவதற்கு ஆகும் சராசரி நேரம் அதில் நூறில் ஒரு பங்கு. 300 மணி. இரண்டு வாரம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரவை மொத்தமாக இழக்கும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள்?

ஆகவே கூடுதல் டிஸ்க் வைத்து, ஒன்று போனாலும் தரவு போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை வகுத்தார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வர் அறையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் அதன் சாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ஒரு தொகுப்பில், தரவு உண்மையிலேயே அழிவதென்றால் முதல் டிஸ்க் போய், அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் போக வேண்டும். எனவே சரிசெய்யும் நேரம் பாதியானால் தொகுப்பின் சராசரி ஆயுள் இரட்டிப்பாகும். பத்தில் ஒன்றானால் ஆயுள் பத்து மடங்கு. டிஸ்க்கின் தரத்தை உயர்த்துவது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. சரிசெய்யும் நேரத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஆள் வந்து மாற்றும் வரை காத்திராமல், முன்கூட்டியே இணைத்து வைத்த ஹாட் ஸ்பேரை மின்சுற்று வழியாகவே வேலைக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையையும் அந்தக் கட்டுரையே சொல்லிவிட்டது.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு, நம் சர்வருக்குள் போவோம்.

ஒரு டிஸ்க் போய்விட்டது என்று கன்ட்ரோலர் எப்படி முடிவு செய்கிறது? பலர் நினைப்பதுபோல டிஸ்க் சட்டென்று நின்றுபோவது ஒரு வகை மட்டுமே. மோட்டார் சுற்றாது, பதிலே வராது. அதைக் கண்டுபிடிப்பது எளிது. சிக்கலானது இன்னொரு வகை. ஒரு செக்டாரைப் படிக்கச் சொன்னால் டிஸ்க் தடுமாறும். விடாமல் மீண்டும் மீண்டும் முயலும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்று விற்கும் டிஸ்க் இப்படி ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். அது தவறில்லை, அந்தக் கம்ப்யூட்டரில் அந்தத் தரவின் ஒரே பிரதி அதனிடம்தான் இருக்கிறது. ஆனால் ரெய்டு கன்ட்ரோலர் அவ்வளவு நேரம் பொறுக்காது. பதில் வராவிட்டால் ரீசெட் செய்து பார்க்கும்; அப்போதும் வராவிட்டால் “இந்த டிஸ்க் செத்தது” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் நாஸ் பெட்டிகளுக்கும் சர்வர்களுக்கும் என்று விற்கும் டிஸ்க்குகளில் மறுமுயற்சிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பொதுவாக 7 விநாடி. அதற்குள் படிக்க முடியாவிட்டால் “என்னால் முடியவில்லை” என்று டிஸ்க் சொல்லிவிடும். கன்ட்ரோலர் அந்தத் துண்டை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு எடுத்து, தடுமாறிய டிஸ்க்கிலேயே திரும்ப எழுதிவிடும். ஒரு டிஸ்க்கை இழக்காமல் ஒரு செக்டாரோடு விஷயம் முடிந்துவிடும். விலை குறைவு என்று வீட்டு டிஸ்க்கை வாங்கி ரெய்டு தொகுப்பில் போட்டவர்கள், நல்ல டிஸ்க்கெல்லாம் மாதத்துக்கொரு முறை ஏன் வெளியேற்றப்படுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இறந்ததாக எழுதிவிட்டால் அந்த முடிவு நிலைக்கும். தொகுப்பில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலும் சிறிது இடம் ஒதுக்கி, யார் யார் உறுப்பினர், யார் வெளியேற்றப்பட்டவர் என்ற விவரத்தைக் கன்ட்ரோலர் வைத்திருக்கிறது. மிச்சமுள்ள டிஸ்க்குகளில் அந்தப் பதிவு உடனே திருத்தப்படுகிறது. பிறகு வெளியேற்றிய டிஸ்க்கை உருவித் திரும்பச் செருகினாலும், அது உயிரோடு சுற்றினாலும், கன்ட்ரோலர் அதைப் பழையபடி சேர்த்துக்கொள்ளாது. இடைப்பட்ட நேரத்தில் மற்ற டிஸ்க்குகளில் புதுத் தரவு எழுதப்பட்டிருக்கும். இந்த டிஸ்க்கில் இருப்பது நேற்றைய கணக்கு. அதை இன்றைய கணக்கோடு கலந்தால் தரவு முழுவதும் குழம்பிப்போகும். திரையில் “ஃபாரின்” என்று வரும் எச்சரிக்கைக்குப் பொருள் புரியாமல் “இம்போர்ட்” பொத்தானை அழுத்துகிறவர்கள் ஒரு கணம் நிதானித்தால் நல்லது.

சரி, டிஸ்க் வெளியேறிவிட்டது. தரவு எங்கே இருக்கிறது? இதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடுகிறேன். மூன்று டிஸ்க்கில் தரவு, நான்காவதில் பாரிட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிஸ்க்கில் 101, இரண்டாவதில் 011, மூன்றாவதில் 100. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். விதி இது: ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும். முதல் நெடுவரிசையில் ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள், பாரிட்டி 0. இரண்டாவதில் ஒரே ஒன்று, பாரிட்டி 1. மூன்றாவதில் இரண்டு, பாரிட்டி 0. ஆக நான்காவது டிஸ்க்கில் 010. இப்போது இரண்டாவது டிஸ்க்கை அழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவை 101, 100, 010. அதே விதியைப் போட்டுப் பாருங்கள். முதல் நெடுவரிசைக்கு 0 வேண்டும், இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 1. வந்தது 011. தொலைந்த டிஸ்க் திரும்ப வந்துவிட்டது. ரெய்டு 5-இல் பாரிட்டியை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் எல்லாவற்றிலும் சுழற்றி வைக்கிறார்கள். கணக்கு இதேதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தொலைந்த மூன்று பிட்டை மீட்க, மிச்சமிருந்த எல்லா டிஸ்க்கையும் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றைக்கூட விட முடியாது. எட்டு டிஸ்க் என்றால் ஏழையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். இனி நான் சொல்லப்போகும் ஆபத்துகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இனி ஸ்பேர். காரின் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி போலத்தான் இதையும் பலர் நினைக்கிறார்கள். டயர் வெடித்தால் கழற்றி மாட்டுவோம், வண்டி ஓடும். ஆனால் மாட்டிய மறு நிமிடமே ஸ்டெப்னி முழு டயர். ஸ்பேர் டிஸ்க் அப்படியில்லை. தொகுப்புக்குள் வரும்போது அது காலி. மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் படித்து, பிட் பிட்டாகக் கணக்குப் போட்டு அதை நிரப்ப வேண்டும். கடைசிப் பிட் எழுதி முடியும் வரை தொகுப்பு ஊனமாகத்தான் இருக்கிறது. அந்த நிலைக்கு டிகிரேடட் என்று பெயர்; நிரப்பும் வேலைக்கு ரீபில்ட்.

ஸ்பேரில் வகைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட தொகுப்புக்கு மட்டும் ஒதுக்கியது டெடிகேட்டட் ஸ்பேர். கன்ட்ரோலரின் கீழ் இருக்கும் எந்தத் தொகுப்புக்கும் போகக்கூடியது குளோபல் ஸ்பேர். டெடிகேட்டட் இருந்தால் பொதுவாக அதைத்தான் கன்ட்ரோலர் முதலில் எடுக்கும். பீரோவில் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பது கோல்ட் ஸ்பேர். அதற்கு ஆள் வந்தாக வேண்டும். எந்த ஸ்பேரும் எந்த இடத்துக்கும் பொருந்திவிடாது. போன டிஸ்க்கில் தொகுப்பு பயன்படுத்திய அளவைவிடக் கொள்ளளவு ஒரு துளிகூடக் குறைவாக இருக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க் தொகுப்புக்கு எஸ்எஸ்டி ஸ்பேரையும், எஸ்ஏஎஸ் தொகுப்புக்கு சாட்டா ஸ்பேரையும் பல கன்ட்ரோலர்கள் ஏற்பதில்லை. செக்டார் அளவு மாறினாலும் நிராகரிக்கும். இரண்டு கம்பெனியின் ஒரே அளவு டிஸ்க்குகள்கூடச் சில மெகாபைட் வித்தியாசப்படும் என்பதால், கன்ட்ரோலர்கள் தொகுப்பை உருவாக்கும்போதே கொள்ளளவைக் கொஞ்சம் கீழே இறக்கி வட்டமாக வைத்துக்கொள்கின்றன. பிற்காலத்தில் வேறு கம்பெனி டிஸ்க் கிடைத்தாலும் பொருந்த வேண்டும் என்ற முன்யோசனை அது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெய்டு 0 தொகுப்புக்கு ஸ்பேர் வைத்துப் பயனில்லை. அதில் பாரிட்டியும் இல்லை, பிரதியும் இல்லை. எதைக் கொண்டு ஸ்பேரை நிரப்புவது?

செத்த டிஸ்க்குக்குப் பதில் ஸ்பேர் நிரம்பிவிட்டது. மறுநாள் நீங்கள் புது டிஸ்க் கொண்டுவந்து பழைய ஸ்லாட்டில் செருகுகிறீர்கள். பிராட்காமின் மெகாரெய்டு, டெல்லின் பெர்க் போன்ற கன்ட்ரோலர்களில் காப்பிபேக் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்திருந்தால் ஸ்பேரில் உள்ளது அப்படியே புது டிஸ்க்குக்கு நகலாகும். முடிந்ததும் ஸ்பேர் மீண்டும் ஸ்பேராகிவிடும். இந்த நகலுக்கு மற்ற டிஸ்க்குகளைத் தொல்லை செய்ய வேண்டியதில்லை. இதையே முன்கூட்டியும் செய்யலாம். ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உண்டு. அதிலிருந்து எச்சரிக்கை வந்ததும், டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தை ஸ்பேருக்கு நகலெடுக்கச் சொல்லலாம். தொகுப்பு ஒரு நிமிடம்கூட ஊனமாவதில்லை. ஸ்பேரின் மிகச் சிறந்த பயன் இதுதான் என்பேன்.

ஆனால் எச்சரிக்கை எப்போதும் வராது. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹேரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் போவதற்கான வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று கண்டார்கள். எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள் என்று இதற்குப் பொருள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், ஸ்மார்ட் தரும் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பாதிக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் போகின்றன.

அப்படிப் போனால் ரீபில்ட் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1988 கட்டுரையில் வரும் 100 மெகாபைட் டிஸ்க்கின் வேகம் விநாடிக்கு 1 மெகாபைட். முழு வேகத்தில் படித்தால் 100 விநாடி. இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆள் வந்து டிஸ்க்கை மாற்ற ஆகும் நேரம்தான் அன்று பெரிது. ஹாட் ஸ்பேர் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஏறக்குறைய முழு ஆபத்தும் ஒழிந்தது. இன்று 20 டெராபைட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. வேகம் விநாடிக்கு 250 மெகாபைட் என்று தாராளமாகவே வைப்போம், 250 மடங்குதான். வகுத்துப் பாருங்கள். 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல். இதுவும் சர்வர் வேறு எந்த வேலையும் செய்யாமல் இருந்தால். ஆனால் காலையில் ஓபி சீட்டு போட வேண்டும், வங்கிக் கவுன்டர் திறக்க வேண்டும். அதனால் கன்ட்ரோலர் தன் திறனில் ஒரு பங்கை மட்டும் ரீபில்டுக்கு ஒதுக்குகிறது. மெகாரெய்டு, பெர்க் வகைகளில் ஆரம்ப அமைப்பு 30 சதவீதம். கூட்டினால் சீக்கிரம் முடியும், பயனர்கள் “சர்வர் ஸ்லோ” என்று போன் செய்வார்கள். குறைத்தால் பயனர்கள் நிம்மதியாக இருப்பார்கள், தரவு கூடுதல் நாள் ஆபத்தில் கிடக்கும். இரவில் கூட்டி, அலுவலக நேரத்தில் இறக்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆக, ஆள் வரும் வரை காத்திருக்கும் நேரத்தை ஸ்பேர் நீக்கிவிடுகிறது. நிரப்பும் நேரத்தில் அது கைவைக்க முடியாது. 1988-இல் முன்னது பெரிது; இன்று பின்னது பெரிது. “ஸ்பேர் இருக்கிறதே” என்ற பழைய தைரியம் இன்றைய டிஸ்க் அளவுக்குச் செல்லுபடியாகாமல் போனது இந்தக் கணக்கால்தான்.

அந்த 22 மணி நேரத்தில் என்ன நடக்கலாம்? முதல் ஆபத்து, படிக்க முடியாத ஒரே ஒரு செக்டார். பல மாதமாக யாரும் தொடாத ஒரு மூலையில் அது பதுங்கியிருக்கும். சாதாரண நாளில் அது பொருட்டே இல்லை, பாரிட்டி சரிசெய்துவிடும். ஊனமான ரெய்டு 5-இல் பாரிட்டி ஏற்கெனவே செத்த டிஸ்க்குக்காகச் செலவாகிவிட்டது. வீட்டு டிஸ்க்குகளின் தயாரிப்புக் குறிப்பில், படிக்க முடியாத பிழை 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று எழுதியிருக்கும். கேட்கப் பெரிய எண். டெராபைட்டில் சொன்னால் 12.5 தான். எட்டு 4 டெராபைட் டிஸ்க் உள்ள தொகுப்பில் ஒன்று போனால் 28 டெராபைட் படிக்க வேண்டும். அந்தக் குறிப்பு உச்சவரம்புதான், நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் 28-ஐ 12.5-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர் துணிச்சல்காரர். சர்வருக்கென்று செய்த டிஸ்க்குகளில் இந்த வரம்பு பத்து மடங்கு மேல். அப்படியொரு செக்டார் குறுக்கிட்டால் சில கன்ட்ரோலர்கள் அந்தத் துண்டைப் “பழுது” என்று குறித்துவிட்டு மேலே போகும். ஒரு கோப்பு கெடும், மற்றது பிழைக்கும். சில பழைய கன்ட்ரோலர்கள் ரீபில்டையே கைவிட்டுவிடும்.

இதற்கு மருந்து ஸ்பேர் அல்ல, பேட்ரோல் ரீட். சர்வர் ஓய்வாக இருக்கும்போது கன்ட்ரோலர் எல்லா டிஸ்க்கையும் மெதுவாகப் படித்துச் சோதித்துக்கொண்டே இருக்கும். கெட்ட செக்டார் கிடைத்தால், பாரிட்டி நல்லபடியாக இருக்கும்போதே சரிசெய்துவிடும். சர்வர் ஸ்லோவாகிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக இதை நிறுத்தி வைத்திருக்கும் சர்வர்கள் நிறைய உண்டு.

இரண்டாவது ஆபத்து, இன்னொரு டிஸ்க்கே போவது. 1988 கணக்கு, ஒரு டிஸ்க் போவதற்கும் இன்னொன்று போவதற்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொண்டது. 2007-இல் பியான்கா ஷ்ரோடரோடு சேர்ந்து இதை நிஜக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் வேறு யாருமில்லை, ரெய்டு கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான அதே கார்த் கிப்சன். தயாரிப்பாளர்கள் சொல்லும் பத்து லட்சம் மணி நேர ஆயுளை நம்பினால் ஆண்டுக்கு நூறில் ஒரு டிஸ்க்கைக்கூட மாற்ற வேண்டி வராது. நிஜத்தில் நூறுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. டிஸ்க்குகள் போவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சி அல்ல என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒரே அதிர்வு, ஒரே மின்சாரம், பெரும்பாலும் ஒரே நாளில் தயாரான சரக்கு.

இதன் உச்சமான உதாரணம் 2019 நவம்பரில் வெளிவந்தது. ஹெவ்லெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு அனுப்பியது. தான் விற்ற சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், உடனே ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று. போனால் எஸ்எஸ்டியும் மீளாது, தரவும் மீளாது. 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் 32,768. கணினி படித்த மாணவர்களுக்கு அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒரே நேரத்தில் பணிக்கு வந்த எஸ்எஸ்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும் என்றும் அந்த அறிவிப்பு எச்சரித்தது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது.

இங்கே நம் ஹாட் ஸ்பேரை நினைத்துப் பாருங்கள். தொகுப்போடு சேர்த்து ஒரே நாளில் வாங்கியது. ஒரே நாளில் மின்சாரம் கொடுத்தது. ஒரு பைட் தரவுகூட எழுதாமல் சும்மா இருந்தாலும் அதன் மணி நேரக் கணக்கு மற்றவற்றோடு சேர்ந்து ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மற்றவை விழும் அதே மணியில் அதுவும் விழும். கன்ட்ரோலரில் இணைத்த ஸ்பேரோடு, பெட்டி பிரிக்காத ஒரு டிஸ்க்கையும் பீரோவில் வையுங்கள்; முடிந்தால் வேறு மாதத்தில் தயாரானதாக வாங்குங்கள். பழைய பொறியாளர்கள் சொல்லிவந்த இந்த யோசனைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ரீபில்ட் நேரத்தையே குறைக்க வழியில்லையா? உண்டு. ஏழு டிஸ்க் படிக்க, ஒரே ஒரு ஸ்பேர் எழுதுகிறது. அந்த ஒரு டிஸ்க்கின் எழுதும் வேகம்தான் கழுத்தை நெரிக்கிறது. ஸ்பேர் என்று தனி டிஸ்க்கை ஓரமாக உட்கார வைக்காமல், ஸ்பேருக்கான காலி இடத்தை எல்லா டிஸ்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு வைத்தால், ஒன்று போனதும் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து எழுதும். இந்த யோசனை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வுக் கட்டுரைகளில் வந்துவிட்டது. கார்னகி மெலனில் மார்க் ஹாலண்டும் நம் கிப்சனும் 1992-இல் பாரிட்டியைப் பரப்பி வைப்பது பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரிய ஸ்டோரேஜ் இயந்திரங்கள் அதை வெகுகாலம் முன்பே எடுத்துக்கொண்டன. 2021-இல் வெளிவந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.1 என்ற மென்பொருள், டிரெய்டு என்ற பெயரில் அதை இலவசமாகவே கொடுத்துவிட்டது. டிஸ்க்குகள் டஜன் கணக்கில் இருந்தால் இது பெரிய வரம். நம் எட்டு டிஸ்க் சர்வருக்கு அவ்வளவு லாபமில்லை.

எட்டு ஸ்லாட் மட்டும் உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஏழு டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டு ஒன்றை ஸ்பேராக வைத்தால், ஆறு டிஸ்க் அளவு இடம் கிடைக்கும். எட்டிலும் ரெய்டு 6 போட்டாலும் அதே ஆறு டிஸ்க் இடம்தான் கிடைக்கும். முதல் ஏற்பாட்டில் எட்டாவது டிஸ்க், விபத்து நடந்த பிறகு வேலை கற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. இரண்டாவதில் அது முதல் நாளிலிருந்தே இரண்டாம் பாரிட்டியைச் சுமக்கிறது. ஒரு டிஸ்க் போன பிறகும் இன்னொன்றைத் தாங்கும், குறுக்கே வரும் கெட்ட செக்டாரையும் தாங்கும். சின்னச் சின்ன எழுத்து வேலைகளில் ரெய்டு 5-க்கு நான்கு டிஸ்க் செயல்பாடு, ரெய்டு 6-க்கு ஆறு. அந்த வேகக் குறைவு ஒன்றுதான் விலை. பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் என்றால் ரெய்டு 6 போடுங்கள், ஸ்பேரைப் பீரோவில் வையுங்கள்.

கடைசியாக, மனிதர்கள். ஹாட் ஸ்பேரின் பெரிய ஆபத்து அது ஓசைப்படாமல் வேலை செய்வதுதான். டிஸ்க் போனதும் கன்ட்ரோலரின் பஸ்ஸர் கத்தும். யாரோ ஒருவர் வந்து அதை அடக்கிவிட்டுப் போவார். ரீபில்ட் முடிந்துவிடும். சர்வர் வழக்கம்போல ஓடும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஸ்லாட்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இப்போது அந்தத் தொகுப்புக்கு ஸ்பேரே கிடையாது என்பது ஒருவருக்கும் தெரியாது. எச்சரிக்கை மெயில், இரண்டு ஆண்டுக்கு முன்பு வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த டிஸ்க் போகும்போதுதான் எல்லோரும் ஓடி வருவார்கள். வந்தவர் “மூணாவது டிஸ்க் போயிருக்கு” என்று எண்ணி உருவுவார். பல கன்ட்ரோலர்களில் ஸ்லாட் எண் பூஜ்யத்தில் தொடங்கும். மூன்று என்று திரையில் காட்டுவது இடமிருந்து நான்காவது டிஸ்க். ஊனமான ரெய்டு 5-இல் நல்ல டிஸ்க் ஒன்றை உருவினால் அந்தக் கணமே தொகுப்பு விழும். மென்பொருளில் “லொகேட்” கொடுத்து, எந்த டிஸ்க்கின் விளக்கு மினுக்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டுக் கைவையுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ரெய்டு, பேக்கப் ஆகாது. 2016 அக்டோபரில் லண்டன் கிங்ஸ் காலேஜில், பல கன்ட்ரோலர்கள் கொண்ட உயர்தர ஸ்டோரேஜ் இயந்திரத்தில் ஒரு பாகம் பழுதானது. அது தாங்கக்கூடிய பழுதுதான். பொறியாளர் வந்து பாகத்தை மாற்றியபோது, ஃபர்ம்வேர் குறையால் மொத்த ஸ்டோரேஜும் விழுந்தது. மீண்டுவரப் பல வாரங்கள் ஆயின. எல்லாத் தரவும் டேப் பேக்கப்பில் முழுமையாக ஏறியிருக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது; ஒரு பகுதியை மீட்கவே முடியவில்லை. தவறுதலாக அழித்த கோப்பையும், வைரஸ் பூட்டிய கோப்பையும்கூட ரெய்டு மிக விசுவாசமாக எல்லா டிஸ்க்கிலும் அப்படியேதான் எழுதி வைக்கும்.

நண்பர்களே, இந்தப் பேச்சிலிருந்து தத்துவம் எதையும் கொண்டுபோக வேண்டாம். நாளைக் காலை அலுவலகம் போனதும் கன்ட்ரோலரின் நிர்வாகத் திரையைத் திறந்து ஐந்து விஷயங்களைப் பாருங்கள். ஸ்பேர் உண்மையில் ஸ்பேர் நிலையில்தான் இருக்கிறதா? அதன் கொள்ளளவு தொகுப்புக்குப் பொருந்துகிறதா? பேட்ரோல் ரீட் கடைசியாக எந்தத் தேதியில் முடிந்தது? எச்சரிக்கை மெயில் யாருக்குப் போகிறது? டிஸ்க், கன்ட்ரோலர் இரண்டின் ஃபர்ம்வேரும் எந்தப் பதிப்பு? பிறகு இந்த வாரத்துக்குள் ஒரு நாள் ஒதுக்கி, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வேறோர் இயந்திரத்தில் திறந்து பாருங்கள். திறந்தால் உங்கள் வேலை சரி. திறக்காவிட்டால், டிஸ்க்குகள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டீர்கள். சரிசெய்ய அவகாசம் இருக்கிறது.